தொட்டி மீனின் வம்சாவளி

மெக்சிகோ ஓடைகளில் வாழும் வாள்வால் மீன் பச்சை நிறம். பக்கவாட்டில் செந்நிறக் கோடு ஒன்று ஓடும். ஆண் மீனின் வால்துடுப்பில் கீழ்ப்பகுதி மட்டும் கத்திபோல் நீண்டு, கறுப்புக் கரை கட்டியிருக்கும். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ‘ஸ்வார்ட் டெயில்’ என்று கேட்டால் கடைக்காரர் வலையில் அள்ளிக் காட்டுவது பெரும்பாலும் செக்கச்செவேலென்ற மீனை. அந்தச் சிவப்பு வாள்வாலின் சொந்தச் சொத்து அல்ல. அதன் உறவுக்கார இனமான பிளாட்டியிடமிருந்து வந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் மேல்நாட்டு மீன் வளர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டார்கள். பிறந்த குட்டிகளில் சிவந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி வாள்வாலோடு சேர்த்தார்கள். இப்படிப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து உருவாக்கிய நிறம் அது.

பிளாட்டியின் கதையும் இதேதான். குட்டையாக, வாள் இல்லாமல் இருப்பது பிளாட்டி என்பார்கள். கடைத்தொட்டியின் முன் கொஞ்ச நேரம் நின்று ஆண் பிளாட்டிகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். சிலவற்றுக்கு வால்துடுப்பின் கீழ்நுனியில் முள் அளவுக்கு ஒரு நீட்சி தெரியும். வாளாக வளராமல் பாதியில் நின்றுபோனது அது. எந்தத் தலைமுறையிலோ கலந்த வாள்வாலின் மரபணு இன்னும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்று உலகச் சந்தையில் விற்கும் பிளாட்டி, வாள்வால் இரண்டிலும் பெரும்பாலானவை இந்தக் கலப்பின் வழிவந்தவை. கலப்பின மீன் வீட்டுக்குள் வரக் கூடாது என்று உறுதியாக இருப்பவர்களின் தொட்டிகளிலும் இவை காலங்காலமாக நீந்துகின்றன.

மீன் வளர்ப்போரிடையே ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்று உண்டு. ஃப்ளவர்ஹார்ன், பேரட் போன்ற கலப்பின மீன்கள் மனிதன் செய்துவைத்த கோளாறு, ஆற்றிலும் ஏரியிலும் இல்லாத மீனை எதற்காக வளர்க்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கும். நாயையும் மாட்டையும் நெல்லையும் கலக்காமலா இவ்வளவு தூரம் வந்தோம், மீனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கும். இரண்டு தரப்பிலும் மீன்மேல் உண்மையான பாசம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கலந்ததா கலக்காததா என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால், தொட்டியில் இருக்கும் மீனின் வரலாறு நமக்குத் தெரியுமா, அதை விற்பவர் உண்மையைச் சொல்லி விற்கிறாரா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஏன் என்று புரிய, மீன்கள் எப்படிக் கலக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை மலடு. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. பிறப்பதற்கு 63. இணை சேர முடியாமல் ஒன்று மிஞ்சுவதால் அதன் உடல் விந்தையோ சினைமுட்டையோ சரிவர உருவாக்க முடியாமல் திணறுகிறது. பிளாட்டிக்கும் வாள்வாலுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் 48. மத்திய அமெரிக்காவின் சிக்லிட் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கும் 48தான். எனவே இவற்றின் கலப்புக் குட்டிகள் பல நேரம் நன்றாகவே வளர்ந்து தாமும் இனம் பெருக்கும். இப்படிப்பட்ட மீன்களை இயற்கையில் பிரித்துவைப்பது குரோமோசோம் அல்ல. ஒன்று மேலாற்றில் இருக்கும், மற்றொன்று கீழாற்றில். ஒன்று பாறைக்கிடையில் முட்டையிடும், மற்றொன்று மணலில். இவை எல்லாவற்றையும்விட வலுவான வேலி, பெண் மீனின் தேர்வு. தன் இனத்து ஆணை நிறத்தைப் பார்த்தோ வாசனையை வைத்தோ அது அடையாளம் கண்டுகொள்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இந்த வேலி உடைந்ததை விஞ்ஞானிகள் நேரில் பார்த்தார்கள். அந்த ஏரியில் சிக்லிட் மீன்கள் மட்டும் 500 இனங்களுக்குமேல் இருந்தன. நெருங்கிய இனங்களுக்குள் உடல் அமைப்பு ஏறக்குறைய ஒன்றேதான். ஓர் இனத்து ஆண் சிவப்பு, இன்னோர் இனத்து ஆண் நீலம், அவ்வளவே வித்தியாசம். சுற்றுப்புறக் காடுகள் அழிந்து, வயல்களின் உரச்சத்தும் ஊர்களின் கழிவும் ஏரியில் சேர்ந்தபோது பாசி பெருகித் தண்ணீர் கலங்கியது. கலங்கிய நீருக்குள் ஒளியின் எல்லா நிறங்களும் இறங்குவதில்லை. சிவப்பும் நீலமும் வேறுபாடு தெரியாமல் மங்கின. ஓலே சீஹாஸனும் அவரது சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், நீர் கலங்கிய பகுதிகளில் நிறங்கள் மங்கி, இனங்களின் எண்ணிக்கையும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். ஆய்வகத்தில் ஒற்றை நிற விளக்கின்கீழ் விட்டபோது பெண் மீன்கள் சிவப்பு ஆண், நீல ஆண் என்ற பாகுபாடு இல்லாமல் கூடின. நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனை அந்த ஏரியில் விட்டதால் நேர்ந்த அழிவை எல்லோரும் பேசுவார்கள். கலங்கிய தண்ணீர் ஓசையில்லாமல் செய்த அழிவு இது.

மெக்சிகோவின் இடால்கோ மாநில ஓடைகளில் இதே கதை வாசனை வழியே நடந்தது. அங்கே இரண்டு வாள்வால் இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. சுத்தமான நீரில் ஒரு பெண் மீன் தன் இனத்து ஆணின் வாசனையை நாடிச் செல்லும். கழிவுநீரும் வயல்நீரும் கலந்த கல்னாலி ஆற்றின் தண்ணீரில் வைத்து அதே சோதனையைச் செய்தபோது அந்த நாட்டம் இல்லாமல் போயிற்று. மக்கிய இலைதழையிலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் சேரும் ஹியூமிக் அமிலம் ஒன்றே இதற்குப் போதும் என்று 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வீட்டுத் தொட்டியைப் பாருங்கள். இரண்டடிக் கண்ணாடிப் பெட்டி. மேலாறு, கீழாறு என்ற பேச்சுக்கே இடமில்லை. கடையில் அழகாக இருந்ததென்று வாங்கிவந்த மலாவி ஏரிச் சிக்லிட்கள் நான்கு இனம், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு. பெண்ணுக்குத் தன் இனத்து ஆணே இல்லை. முட்டையைச் சுமக்கும் பருவம் வந்ததும் இருப்பவற்றில் ஒன்றோடு அது சேர்ந்துவிடுகிறது. மாசுபட்ட ஆறு செய்வதைத்தான் கலவைத் தொட்டியும் செய்கிறது: பெண்ணின் தேர்வைப் பறிக்கிறது. ஆக, கலப்பு என்பது இயற்கைக்கு முற்றிலும் மாறான ஒன்றும் அல்ல, தற்செயலாக நேர்கிற ஒன்றும் அல்ல. வேலிகள் எடுபட்டால் நேரக் கூடியது.

கலந்தபின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பிளாட்டியும் வாள்வாலும் சேர்ந்து உலகுக்குச் சொல்லிக்கொடுத்தன. தொட்டி மீன் வரலாற்றில் இதைவிட முக்கியமான பக்கம் இல்லை என்பேன்.

1920களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைரன் கார்டன் என்ற மாணவர் பிளாட்டியின் நிறங்கள் எப்படித் தலைமுறை தாண்டுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் குர்ட் கோஸ்விக்கும் இதே மீன்களைக் கலந்து பார்த்தார். பின்னாளில் நாஜி ஆட்சியிலிருந்து விலகி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டவர் இவர். சில பிளாட்டிகளுக்கு முதுகுத்துடுப்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். மிளகைத் தெறித்தாற்போல் தெளிவான, சின்னப் புள்ளிகள். ஆயுள் முழுக்க அவை அப்படியே இருக்கும், மீனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இந்தப் பிளாட்டியை வாள்வாலோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகளில் புள்ளி பெரிதாகி, துடுப்பு கறுப்பேறும். அழகாகத்தான் இருக்கும். இந்தக் குட்டிகளை மறுபடி வாள்வாலோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையில் வேறொரு காட்சி. பாதிக் குட்டிகளுக்குப் புள்ளியே இல்லை. கால்பங்குக்குப் புள்ளி கொஞ்சம் விரிந்திருக்கும். மீதிக் கால்பங்கில் கறுப்பு நிற்பதே இல்லை. துடுப்பின் அடியிலிருந்து முதுகுத் தசைக்குள் இறங்குகிறது, தோலை மேடாக்குகிறது, துடுப்பை அரித்துத் தின்கிறது. அது மெலனோமா, அதாவது மனிதத் தோலிலும் வரும் கொடிய நிறமிப் புற்றுநோய். உயிர்களில் புற்றுநோய் பரம்பரையாக வரக்கூடும் என்பதற்குக் கிடைத்த மிகத் தொடக்கச் சான்றுகளில் ஒன்றாக இந்தத் தொட்டி மீன்கள் அமைந்தன.

காரணம் பின்னாளில் விளங்கியது. பிளாட்டியின் பாலின குரோமோசோமில் ஒரு மரபணு இருக்கிறது. செல்லுக்குப் பெருகச் சொல்லிக் கட்டளை வாங்கித்தரும் ஏற்பிப் புரதம் ஒன்றின் பிரதி அது. ஆனால் கட்டளை வராமலே எந்நேரமும் முடுக்கிவிட்ட நிலையில் இருக்கும் பிரதி. 1989இல் ஜெர்மனியில் மான்ஃப்ரெட் ஷார்ட்லின் குழு அதை இனங்கண்டது. இவ்வளவு ஆபத்தான ஒன்றை வைத்துக்கொண்டு பிளாட்டி எப்படி நலமாக வாழ்கிறது? அதை அடக்கும் மரபணு வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. இரண்டும் பிளாட்டியின் வம்சத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தே வளர்ந்தவை. வாள்வாலிடம் முடுக்கும் மரபணுவும் இல்லை, அடக்கும் மரபணுவும் இல்லை. இரு இனமும் தனித்தனியே நலம். கலந்து, மறுபடி கலக்கும்போது முடுக்குவது ஒரு குட்டிக்கும் அடக்குவது வேறொரு குட்டிக்கும் போய்ச் சேர்கிறது. அடக்குவது கிடைக்காமல் முடுக்குவதை மட்டும் வாங்கிய குட்டிக்குப் புற்று.

தூய இனத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தில் இருக்கும் வலுவான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மீனின் மரபணுத் தொகுதி என்பது பழகிப்போன கூட்டுக்குடும்பம். யார் எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நெடுங்காலம் ஒன்றாக இருந்து படிந்தது. வேறு வீட்டாரைப் பாதிப் பாதியாகக் கொண்டுவந்து வைத்தால் முதல் தலைமுறை செழிப்பாகத் தெரியலாம். பிணக்கு அதற்கடுத்த தலைமுறையில்தான் வெளிப்படும். கலப்பின மீனின் முதல் தலைமுறை வேகமாக வளர்வதையும் நோயைத் தாங்குவதையும் பார்த்துப் பண்ணைக்காரர்கள் மகிழ்வது நியாயமே. இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் ஒரே சினையிலிருந்து பொரித்த குஞ்சுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் சிதறுவதையும் அவர்களே பார்க்கிறார்கள்.

எதிர்வாதத்துக்கும் அதே அளவு வலு இருக்கிறது. விக்டோரியா ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு கிடந்தது. அதன்பின் நீர் நிரம்பிய இத்தனை குறுகிய காலத்துக்குள் 500 இனங்கள் எப்படித் தோன்றின என்பது பரிணாம அறிவியலின் பெரும் புதிராக இருந்தது. 2017இல் வந்த மரபணு ஆய்வு, அந்தப் பகுதி ஏரிகளின் சிக்லிட்களுக்கெல்லாம் மூதாதையாக இருந்தது காங்கோ ஆற்று வம்சமும் மேல்நைல் வம்சமும் சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன் கலந்து பிறந்த கூட்டம் என்று காட்டியது. இரண்டு வம்சங்களின் மரபணுக்களும் ஒன்றுகூடியதால், ஆழ நீரில் ஒளியைப் பார்க்கும் கண் ஒரு கூட்டத்துக்கும், மேல்நீரில் பார்க்கும் கண் இன்னொரு கூட்டத்துக்கும் எளிதில் வாய்த்தன. கலங்கல் நீரும் கலப்பும் இன்று அழித்துவரும் அதே பன்மையைப் பெற்றெடுத்ததும் ஒரு பழைய கலப்பே. மெக்சிகோவின் கல்னாலிப் பகுதியிலோ இதன் மறுபக்கம். அங்கே இயற்கையாகக் கலந்து வாழும் வாள்வால்களிலும், கார்டன் தன் தொட்டியில் பார்த்ததைப் போன்ற மெலனோமாவை மரபணு அளவில் தடம்பிடித்து 2020இல் வெளியிட்டார்கள். காட்டு மீனுக்கும் கலப்பு வரமாகலாம், சாபமாகலாம். ஆற்றில் சாபம் வாங்கிய மீன் சந்ததி விடாமல் மடிகிறது. பல்லாயிரம் தலைமுறை இப்படிச் சலித்தெடுத்து மிஞ்சியதைத்தான் நாம் இனம் என்று பார்க்கிறோம். தொட்டியில் சலிப்பது யார்? வாங்குபவரின் கண். அந்தக் கண் மீனின் நலத்தைப் பார்ப்பதில்லை.

1980களில் தைவானில் உருவான பிளட் பேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிடாஸ் சிக்லிட்டையும் ரெட்ஹெட் சிக்லிட்டையும் கலந்து வந்ததாகக் கருதப்படும் மீன். உருண்டையான ஆரஞ்சு உடல், பெரிய கண், கிளிமூக்கு வாய். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். தீனி போட்டுவிட்டு அதன் வாயைக் கூர்ந்து பாருங்கள். அது செங்குத்தான ஒரு சிறு பிளவு, முழுதாக மூடாது. மற்ற சிக்லிட்கள் வாயைப் படக்கென்று நீட்டி உணவை உறிஞ்சும். இது ஓர் உருண்டையை வாய்க்குள் இழுப்பதற்கே பலமுறை முயல்கிறது. பாதி வெளியே சிதறும். உள்ளே போனதைத் தொண்டைப் பற்களால்தான் நசுக்க வேண்டும். முதுகெலும்பும் காற்றுப்பையும் திரிந்திருப்பதால் நீந்துவதும் தத்தளிப்பாக இருக்கும். ஆண்கள் பெரும்பாலும் மலடு. பெண் முட்டையிட்டு, பொரிக்காத முட்டைகளை நாள்கணக்கில் காவல் காக்கும். போதாதென்று சில இடங்களில் இதற்குச் சாயம் ஏற்றுகிறார்கள், குஞ்சிலேயே வாலை வெட்டி இதய வடிவம் என்று விற்கிறார்கள். இது கொடுமை. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தக் குற்றத்தைக் கலப்பின் தலையில் மட்டும் போட முடியாது. பபுள் ஐ கோல்டு ஃபிஷ் நூற்றுக்கு நூறு ஒரே இனம், ஒரு துளிக் கலப்பும் இல்லை. முதுகுத்துடுப்பு இல்லாத உடலும் கண்ணுக்குக் கீழே நீர் கோத்த இரண்டு பைகளுமாக, கூழாங்கல் உரசினால் பை கிழிந்துவிடும் என்ற நிலையில் அது வாழ்கிறது. தூய்மையை மட்டும் அளவுகோலாக வைப்பவர் இதைத் தேர்ச்சி பெற வைத்துவிட்டு, ஆரோக்கியமாகத் துள்ளும் சிவப்பு வாள்வாலைத் தோற்கடிக்க வேண்டிவரும். மீன் வலியில்லாமல் உண்ணவும் நீந்தவும் முடிகிறதா என்ற கேள்வியை இனக் கலப்புக் கேள்வியோடு போட்டுக் குழப்புவதால் இரண்டுக்குமே விடை கிடைக்காமல் போகிறது.

ஃப்ளவர்ஹார்ன் வேறு வகைக் கவலையைக் கொண்டுவருகிறது. 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்கச் சிக்லிட் இனங்கள் பலவற்றைக் கலந்து உருவாக்கிய மீன் அது. நெற்றிமேட்டையும் உடம்பில் எழுத்துபோல் ஓடும் கறுப்புக் கோலத்தையும் அதிர்ஷ்ட அடையாளமாகக் கருதிச் சீனர்கள் வாங்கினார்கள். நம் ஊரில் அதுவே வாஸ்து மீனாகிவிட்டது. ஒரு சினையில் வரும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் நெற்றி எடுப்பாக வருபவை வெகு சில. மற்றவற்றை யாரும் விரும்பி வாங்குவதில்லை. மோகம் குறைந்ததும் வளர்ந்த மீன்களையும் பலர் நீர்நிலைகளில் கொண்டுபோய் விட்டார்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மத்தானோ ஏரி, உலகில் வேறெங்கும் காணாத சிறு மீன்களின் வீடு. பிறந்த நாடு என்று சொல்ல ஓர் ஆறுகூட இல்லாத ஃப்ளவர்ஹார்ன் அங்கே குடியேறிப் பெருகியிருப்பதை 2012இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அது எதைத் தின்னும், எவ்வளவு குளிர் தாங்கும், எது அதைத் தின்னும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த இயற்கை வரலாறும் அதற்கு இல்லை.

நீர்நிலைக்குப் போனது அந்நிய மீனாக இல்லாமல் உள்ளூர் மீனின் உறவாக இருந்தால் கேடு கண்ணுக்கே தெரியாது. ஃபைட்டர் மீனில் இதுதான் நடந்திருக்கிறது. ஐந்து நெருங்கிய இனங்களைச் சேர்ந்த 98 மீன்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2022இல் வெளியான ஆய்வு, வளர்ப்பு ஃபைட்டரில் வேறு காட்டு இனங்களின் மரபணு கலந்திருப்பதையும், வளர்ப்பு ஃபைட்டரின் மரபணு காட்டு மீன்களுக்குள் போயிருப்பதையும் காட்டியது. காட்டில் பிடித்தது என்பதால் மட்டும் தூய்மை உறுதியாகிவிடாது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மீன் வளர்ப்போரே கண்டுபிடித்த ஓர் எளிய ஏற்பாடு எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. வெனிசுவேலாவின் குமானா நகரத்தை ஒட்டிய ஒரு காயலில் ஜான் எண்ட்லர் 1975இல் எடுத்த சின்னஞ்சிறு மீனை எண்ட்லர் என்றே அழைக்கிறோம். 2005இல்தான் அதற்குத் தனி இனமாக அறிவியல் பெயர் கிடைத்தது. கப்பியின் மிக நெருங்கிய உறவு. ஒரே தொட்டியில் விட்டால் சில வாரங்களில் கலந்துவிடும். கப்பிப் பெண் ஒருமுறை கூடிய பின் விந்தை உடலுக்குள் சேமித்து மாதக்கணக்கில் குட்டி போடும். அதனால் கலவைத் தொட்டியிலிருந்து ஒரே ஒரு பெண்ணை வாங்கினாலும் கலப்பு கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. இதைப் பார்த்து வளர்ப்பாளர்கள் எண்ட்லரை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். எந்த இடத்தில் எடுத்தது, யார் கைமாறி வந்தது என்ற பதிவு அறுபடாமல் இருந்தால் ‘என்’ வகுப்பு. பார்வைக்கு எண்ட்லராக இருந்தும் பதிவு இல்லையென்றால் ‘பி’. கப்பியோடு கலந்தது என்று தெரிந்தால் ‘கே’. இதில் எனக்குப் பிடித்தது, எந்த வகுப்பையும் அவர்கள் தடை செய்யவில்லை. ‘கே’ வகுப்பின் வண்ணங்களை ரசிப்பவர் தாராளமாக வளர்க்கலாம். ‘பி’ வகுப்பு ‘என்’ ஆக மாற முடியாது என்பதும் கவனிக்க வேண்டியது. கண்ணால் பார்த்து, இது தூயதுதான் என்று யாரும் சான்று கொடுக்க முடியாது. பதிவு ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான்.

பதிவு அறுபடாத தொட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மைரன் கார்டனின் மீன்களே சாட்சி. 1939இல் மெக்சிகோவின் ஹமாப்பா ஆற்றிலிருந்து வந்த பிளாட்டி வம்சம் ஒன்றை அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் நூறு தலைமுறைக்குமேல் எழுதிவைத்துக் காத்தார்கள். இன்று அந்த மீன் களஞ்சியம் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 2013இல் பிளாட்டியின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படிக்க அந்த வம்சத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்தத் தூய்மைக்கும் விலை உண்டு. அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் காத்த வம்சம் அது; ஆற்று மீனுக்குள்ள பன்மை அதில் இல்லை. வீட்டில் நான்கு ஜோடியை வைத்துக்கொண்டு பத்தாண்டு தூய்மையாகப் பெருக்குபவரும் தெரியாமல் இதையே செய்கிறார். இனம் தூயதாகவே இருக்கும், மீன் வலுவிழக்கும். அதே ஆற்று வம்சத்தை வைத்திருக்கும் இன்னொரு வளர்ப்பாளரோடு அவ்வப்போது மீன் மாற்றிக்கொள்வதுதான் இதற்கு வழி. அப்படி மாற்றிக்கொள்ளவும் எதிராளியின் மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

இதெல்லாம் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்குக் கவலை என்று ஒதுக்க முடியாதபடி செய்தது, மெக்சிகோவின் தெக்கீலா மீன். ஹலிஸ்கோ மாநிலத்தில் தெயுச்சித்லான் ஆற்றில் மட்டும் இருந்த, விரல் நீளம்கூட இல்லாத மீன். மாசும் அந்நிய மீன்களும் சேர்ந்து அதை அங்கிருந்து துடைத்தெடுத்தன. 2003 வாக்கில் ஆற்றில் அது இல்லை. ஆனால் ஐரோப்பிய வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் இருந்தது. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகத்திலிருந்து ஐந்து ஜோடி மீன்கள் 1998இல் மெக்சிகோவின் மிச்சோவகான் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே ஆண்டுக்கணக்கில் பெருக்கினார்கள். பிறகு குளங்களில் விட்டு, இரை தேடவும் பகைக்கு ஒளியவும் பழக்கினார்கள். 2017இல் 1,500 மீன்கள் சொந்த ஆற்றுக்குத் திரும்பின. அந்த வளர்ப்பாளர்களில் ஒருவர், நிறம் கூடட்டும் என்று உறவு இனம் ஒன்றை அதே தொட்டியில் சேர்த்திருந்தால் ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்க மீன் இருந்திருக்காது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு மீன் இருக்கிறது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய கெண்டை வகை மீன், 1954இல் ஈ. ஜி. சைலாஸ் அதை விவரித்தார். முதுகுத்துடுப்பிலிருந்து நூல் நூலாகக் கதிர்கள் நீளும், உடலில் கரும்பட்டைகள், வெயில் பட்டால் செதிலில் பசுமையும் செம்மையும் மின்னும். அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காவிரியில் வாழும் இதன் உறவினருக்கு வணிகப் பெயர் அருலியஸ் பார்ப். உலகச் சந்தையில் அந்தப் பெயரில் விற்கும் மீன்களில் பல உண்மையில் தாமிரபரணி மீன்தான். பெயரே மாறிப்போன பின், ஒரு தொட்டியில் தாமிரபரணி மீனையும் காவிரி மீனையும் ஒரே இனமென்று நம்பி ஒருவர் சேர்த்துப் பெருக்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? கொளத்தூரிலும் சுற்றுப்புறப் பண்ணைகளிலும் மீன் பெருக்குவோரிடம் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. இந்த மீனைப் பெருக்குபவர், தாய்மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்து, குஞ்சுகளை விற்கும்போது பையின் மேல் ஒட்டும் சீட்டில் ஆற்றின் பெயரையும் சேர்த்து எழுதினால் போதும். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதலாம். கலப்பு என்றால் கலப்பு என்று எழுதலாம், அதற்கும் வாங்க ஆள் உண்டு. வாங்கியவர் செய்யக் கூடாதது ஒன்று மட்டும்: தொட்டியில் பெருகியதை நல்லெண்ணத்தோடு ஆற்றில் கொண்டுபோய் விடுவது. எந்த வம்சத்தை, எத்தனை மீனை, நோய் இல்லையென்று உறுதிசெய்து எந்த இடத்தில் விடுவது என்பதை மெக்சிகோவில் ஆண்டுக்கணக்கில் யோசித்துத்தான் செய்தார்கள். தாமிரபரணிக்கும் அந்த நாள் வந்தால் ஆய்வாளர்கள் முதலில் தேடப்போவது அந்த நோட்டைத்தான்.